ரசிகனைக் கண்டிக்கும் மேடைகள் சூதைக் காணாதது ஏன்?

உலகக் கோப்பையோ ஐபிஎல் பருவமோ நெருங்கும்போதெல்லாம் நம் பள்ளிவாசல்களில் ஒரு வகைப் பயான் தவறாமல் ஒலிக்கிறது. விளையாட்டைப் பார்ப்பது வீண்; ஆட்டக்காரனை நேசிப்பது வழிகேடு; முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ அடித்த சிக்ஸரை இன்றும் நினைத்து மகிழ்பவன் மறுமையை மறந்தவன். இவ்வளவையும் தலை குனிந்து கேட்ட நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள், தொழுகை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போதே தணிந்த குரலில் பக்கத்து ஆளிடம் ஸ்கோர் கேட்கிறார்கள். அவர்களை நயவஞ்சகர்கள் என்று எவரேனும் சொன்னால் நாம் ஏற்கமாட்டோம். மேடையில் சொல்லப்பட்ட தீர்ப்பில்தான் பிழை இருக்கிறது என்பது நம் வாதம்.

தொழுகையைப் பாழாக்கி ஆட்டம் பார்ப்பவனுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. அதைக் கண்டிப்பது ஆலிம்களின் கடமை, கண்டிக்கட்டும். நம் குறை வேறு. விளையாட்டின் மீதான ரசனை, அதன் மீதான வெறி, அதை வைத்து ஆடப்படும் சூது ஆகிய மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, சாக்கையே ஹராம் என்று அறிவித்துவிட்டால், கேட்கும் இளைஞனுக்கு எது கொடியது என்று தெரியாமலே போய்விடுகிறது. தன் தகப்பனார் பார்த்த கிரிக்கெட்டும் தான் செல்பேசியில் பணம் கட்டுவதும் ஒரே தரத்துப் பாவம் என்று அவன் எண்ணிக்கொள்கிறான். தகப்பனாருக்கு ஒன்றும் ஆகவில்லை, தனக்கும் ஆகாது என்பது அவன் அடுத்த கணக்கு.

ஆகவே அந்தத் தகப்பனார்கள் பார்த்தது என்ன, அதில் இருந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1992 உலகக் கோப்பை ரமளானில் நடந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆட்டங்கள். நியூசிலாந்தில் காலையில் தொடங்கும் ஆட்டம் இங்கே சஹர் நேரத்துக்கு வந்துவிடும். அந்த மார்ச் மாதத்தில் ஹாமில்டன், வெலிங்டன், டுனெடின் என்று இந்திய அணி ஊர் ஊராக ஆடியபோது, சஹருக்கு எழுப்ப எந்தத் தாயும் சிரமப்பட்டிருக்கமாட்டார். எழுந்த பையன்கள் உண்டு முடித்து, ஃபஜ்ரு தொழுதுவிட்டு, மீண்டும் வந்து அமர்ந்தார்கள். நோன்பு தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்புதான், மார்ச் 4 அன்று, சிட்னியில் கிரண் மோரே ஓயாமல் முறையீடு செய்வதைக் கேலி செய்ய ஜாவேத் மியாண்டட் மட்டையைக் கையில் பிடித்தபடி தவளை போலத் துள்ளிக் காட்டினார். அந்த ஆட்டத்தில் இந்தியா வென்றது. வெற்றியின் விவரம் பலருக்கு மறந்துவிட்டது. தவளைத் துள்ளல் மறக்கவில்லை. ரசிகனின் நினைவு அப்படித்தான். புள்ளிவிவரத்தைக் கைவிட்டுவிட்டு, விந்தையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

அதற்கும் முன்பு வானொலி. பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடக்கும் டெஸ்ட் ஆட்டங்களைத் தமிழில் கேட்ட தலைமுறைக்குச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலை அறிமுகம் செய்யத் தேவையில்லை. வானொலி நாடகங்களிலும் பெயர் பெற்ற அவர், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே கேட்டுப் பழகிய கிரிக்கெட்டைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டியவர்களுள் ஒருவர். 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது அஞ்சலி செலுத்தியவர்கள் எல்லாச் சமயத்தவரும்தாம். தூத்துக்குடிச் சீமையின் முஸ்லிம் ஒருவர் தமிழுக்குச் செய்த இந்தப் பணியை நம் மேடைகள் எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருக்கின்றன? வீண் விளையாட்டு என்ற சாக்கில் அவரும் போய்விட்டார்.

ஷார்ஜாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. வளைகுடாவில் பிழைக்கப் போன நம்மவர்கள் நேரில் பார்த்த மைதானம் அது. 1986 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. கடைசிப் பந்தில் 4 ஓட்டம் தேவை. சேத்தன் சர்மா வீசிய பந்தை மியாண்டட் சிக்ஸருக்குத் தூக்கினார். அதன்பின் ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை என்றால் இந்தியா தோற்கும் என்றொரு நம்பிக்கை வேரூன்றியது. அந்நாளில் அங்கே வாராந்தர விடுமுறை வெள்ளிக்கிழமை. பெரிய ஆட்டங்களை அன்றுதான் வைப்பார்கள். அக்காலத்துப் பாகிஸ்தான் அணி வலுவானது. காரணம் இவ்வளவுதான். ஆனால் ரசிகர்கள் கிழமையின் மீது பழியைப் போட்டார்கள். 1998 ஏப்ரல் 24, அதுவும் வெள்ளிக்கிழமை, தம் 25-ஆம் பிறந்தநாளில் சச்சின் டெண்டுல்கர் அதே மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 134 அடித்துக் கோப்பையை வாங்கித் தந்த பிறகும் அந்தப் பேச்சு முற்றிலும் ஓயவில்லை.

இங்கே கண்டிக்க வேண்டியது உண்டு. சகுனம் பார்ப்பதை மார்க்கம் மறுக்கிறது. விக்கெட் விழக்கூடாது என்பதற்காக அமர்ந்த இடத்தைவிட்டு எழாதவர், சென்ற வெற்றியின்போது அணிந்த சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தவர், ஒருவர் வீட்டுக்குள் நுழைந்த கணம் விக்கெட் விழுந்ததால் அவரை வாசலோடு அனுப்பியவர் என்று ஒவ்வொரு தெருவிலும் ஆள்கள் இருந்தார்கள். சிரிப்புக்குரியதுதான், ஆனால் அந்தச் சிரிப்புக்குள் அகீதா சார்ந்த பிழை ஒன்று இருந்தது. மேடையில் இருப்பவர் அதைச் சுட்டினால் நாம் முதல் வரிசையில் அமர்ந்து கேட்போம். அவர் சுட்டுவதோ இல்லை. ஆட்டமே குற்றம் என்று முடித்துவிட்டால், ஆட்டத்துக்குள் எது குற்றம் என்று ஆராயும் வேலை மிச்சம்.

1983-ஐயும் பார்க்கலாம். ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ஓட்டத்துக்கு 5 விக்கெட். கபில் தேவ் 175 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார் என்பது எல்லாருக்கும் தெரியும். 140-க்கு 8 விக்கெட் போனபின் மறுமுனையில் வந்து நின்று, வெறும் 24 ஓட்டங்கள் எடுத்து, 126 ஓட்டக் கூட்டணிக்குத் துணையாக இருந்தவர் சையத் கிர்மானி. அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவு உலகில் எங்கும் இல்லை. பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள், கேட்டவர்கள் சொல்லக் கேட்டவர்கள் என்ற தொடரில்தான் அது நம்மை வந்தடைந்தது. அறிவிப்பாளர் தொடரைப் பற்றிப் பெருமையாகப் பேசும் சமுதாயத்துக்கு இந்த நிலை புரியாமல் போகாது. தனக்குக் கிடைத்த 24-ஐப் பெரிதென்று கருதாமல், எதிர்முனைக்காரரின் 175-க்காகப் பந்தைத் தடுத்துக்கொண்டிருந்த மனிதரை ஒரு பையன் நேசித்ததில் எந்த வழிகேடு வந்து சேர்ந்தது?

இனிச் சேப்பாக்கம். 1997 மே 21, கத்திரி வெயிலில் சயீத் அன்வர் 194 அடித்தார். கால் பிடித்துக்கொள்ள, ஷாஹித் அஃப்ரிதி அவருக்காக ஓடினார். ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது. இந்தியப் பந்துவீச்சை அன்றைக்குச் சிதறடித்த அந்த மனிதருக்குச் சென்னைக் கூட்டம் கைதட்டியது. பிற்காலத்தில் சிறு மகளை இழந்த துயரத்துக்குப் பிறகு தாடி வளர்த்து, தப்லீக் பணியில் ஊர் ஊராகச் சென்றவரும் இவரே. அப்போது அவருடைய பயானைக் கேட்கக் கூடியவர்களுள் எத்தனை பேரை அந்த 194 அழைத்து வந்திருக்கும் என்பதை ரசனையைப் பழிப்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்தது இன்னும் பெரியது. 12 ஆண்டு இடைவெளிக்குப் பின் பாகிஸ்தான் அணி டெஸ்ட் தொடருக்காக இந்தியா வந்திருந்தது. வரக்கூடாது என்று மிரட்டல். டெல்லி ஆடுகளத்தையே தோண்டிப் போட்டார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. நோன்புப் பெருநாள் கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. வெற்றிக்கு 271 தேவை. இந்தியா 82-க்கு 5. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து 254 வரை கொண்டுவந்தார். இன்னும் 17 ஓட்டம். சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்து வாசிம் அக்ரமிடம் பிடி கொடுத்தார். அதன்பின் மிச்ச விக்கெட்டுகள் 4 ஓட்டத்துக்குள் சரிந்தன. 258-இல் எல்லாம் முடிந்தது. 12 ஓட்டத் தோல்வி.

மைதானம் சில கணங்கள் உறைந்து போயிற்று. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். முழு மைதானமும் எழுந்து நின்று வென்ற அணிக்குக் கைதட்டியது. அக்ரமும் அவருடைய அணியினரும் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த அன்பை ஏற்றுக்கொண்டார்கள். சச்சின் உடைமாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்தார். எழுந்து நின்றவர்கள் யார்? மயிலாப்பூர்க்காரர், திருவல்லிக்கேணிக்காரர், புரசைவாக்கத்துக்காரர். நெற்றியில் நீறு பூசியவர்களும் தொப்பி அணிந்தவர்களும். அடுத்த சில மாதங்களில் கார்கில் போர் மூண்டது, நாட்டின் பேச்சே மாறியது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை எவரும் அழித்துவிட முடியவில்லை.

இன்று முஸ்லிம் பையன் ஒருவன் கிரிக்கெட் பார்த்தால், நீ எந்த அணிக்கு என்று கேட்கும் வழக்கம் ஒன்று வளர்ந்திருக்கிறது. 2021 அக்டோபரில் துபாயில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்றபோது, பதினொரு பேர் தோற்ற ஆட்டத்துக்கு முகமது ஷமி ஒருவர் மட்டும் சமூக வலைத்தளங்களில் வசைபாடப்பட்டார். அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நாம் தரும் விடை சேப்பாக்கம்தான். நம் அணி வெல்ல வேண்டும் என்று நான்காம் நாள்வரை மனமுருகி விரும்பிவிட்டு, தோற்றபின் எதிரியின் திறமைக்கு எழுந்து நிற்பது தேசத்துரோகமானால், அந்த ஞாயிறு அன்று மைதானத்தில் இருந்த அத்தனை சென்னைவாசிகளும் குற்றவாளிகளே. அவர்களோடு நிற்பதில் நமக்கு வெட்கமில்லை.

இப்போது நம் மேடைகளிடம் திரும்புவோம். விளையாட்டை நேசிப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்கிறீர்கள். புகாரியில் பதிவான மூன்று நிகழ்ச்சிகளை உங்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியிருப்பது விசித்திரம்.

பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்க்க விரும்ப, நபி (ஸல்) அவர்கள் தம் தோளுக்குப் பின்னே நிற்கவைத்து, அவர்களுக்கே போதும் என்று தோன்றும்வரை காட்டினார்கள். மற்றோர் அறிவிப்பில், விளையாடியவர்களை விரட்ட உமர் (ரலி) அவர்கள் சிறு கற்களை எடுத்தபோது நபியவர்கள் தடுத்துவிட்டார்கள். கல்லெடுத்தவர் உமர் (ரலி) என்பதையும், அவருக்கே அனுமதி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அஸ்லம் குலத்தார் இரு பிரிவாகி அம்பெய்து போட்டியிட்டார்கள். நபியவர்கள் ஒரு பிரிவின் பக்கம் தாம் இருப்பதாகக் கூறி ஊக்குவித்தார்கள். மறு பிரிவினர் அம்பெய்வதை நிறுத்திவிட்டனர். காரணம் கேட்டபோது, தாங்கள் அந்தப் பக்கம் இருக்கையில் நாங்கள் எப்படி எய்வது என்றார்கள். அப்படியானால் நான் உங்கள் எல்லாரோடும் இருக்கிறேன், எய்யுங்கள் என்ற கருத்தில் விடை வந்தது. ஓர் அணியை ஆதரிப்பதும், அந்த ஆதரவு மறு அணியின் மனத்தை முறித்துவிடாமல் காப்பதும் இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் இருக்கின்றன. 1999-இல் சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்களுள் இதை அறிந்தவர்கள் சிலரேனும் இருந்திருப்பார்கள்.

மூன்றாவது, ரசிகர்களுக்காகவே பாதுகாக்கப்பட்டதோ என்று நாம் எண்ணுவது. நபியவர்களின் ஒட்டகம் அள்பா. ஓட்டத்தில் தோற்றதே இல்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு மனம் கசந்துவிட்டது. முகத்தில் தெரியும் அளவுக்குக் கசந்துவிட்டது. இவ்வுலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற பொருளில் நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். ஒட்டக ஓட்டத்துக்காக வருந்துவதா, உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று அவர்கள் கேட்கவில்லை. உஹதைக் கண்ட மனிதர்கள் ஓர் ஒட்டகத்தின் தோல்விக்காக முகம் வாடினார்கள். அந்த வாட்டத்துக்கு மதிப்புத் தந்து மறுமொழி சொல்லப்பட்டது. நம் மேடைகளில் இன்று அந்த மென்மை எங்கே?

சரி, அந்த ரசனை பழுதுபட்டது எப்போது? அதற்கு நமக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் உண்டு.

1984-இன் கடைசி நாளன்று கொல்கத்தாவில் தொடங்கிய டெஸ்டில் முகமது அசாருத்தீன் அறிமுகமானார். அங்கே 110, அடுத்துச் சென்னையில் 105, அதற்கடுத்துக் கான்பூரில் 122. முதல் மூன்று டெஸ்டிலும் சதம். தூக்கிவிட்ட சட்டைக் கழுத்துப்பட்டை, ஓடும்போது சட்டைக்கு வெளியே வந்து ஆடும் தாயத்து (அதைப் பற்றி அப்போதே சில ஹஸ்ரத்மார் முகம் சுளித்தது நியாயமே), எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மணிக்கட்டு. வெளிப்பக்கம் விழும் பந்தைக் காலடிப் பக்கம் திருப்பிவிடும் அந்த மணிக்கட்டைத் தெருவில் தென்னை மட்டையால் முயன்று பார்க்காத பையன் இல்லை. 1999-இல் சேப்பாக்கத்தில் தோற்ற அணிக்குத் தலைவர் அவர்தான். 2000 மார்ச்சில் பெங்களூரில் தம் 99-ஆவது டெஸ்டில் 102 அடித்தார். முதல் டெஸ்டிலும் சதம், கடைசி டெஸ்டிலும் சதம்.

கடைசி டெஸ்ட் என்று அன்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோனியேவின் தொலைபேசி உரையாடலை டெல்லி காவல்துறை வெளியிட்டது. சிபிஐ விசாரணை நீண்டது. டிசம்பர் 5 அன்று கிரிக்கெட் வாரியம் அசாருத்தீனுக்கு வாழ்நாள் தடை விதித்தது. அது ரமளான் மாதம். அவர் குற்றச்சாட்டை மறுத்து வழக்காடினார். 2012 நவம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்றது. எல்லைக்கு அப்பால், 1987-இல் ஈடன் கார்டனில் 36 பந்தில் 72 அடித்து நம்மைக் கலங்க வைத்த சலீம் மாலிக்கும் அதே ஆண்டில் வாழ்நாள் தடை பெற்று, பின்னர் நீதிமன்றத்தால் விடுபட்டார். யார் குற்றவாளி, யார் இல்லை என்று தீர்ப்பளிப்பது நம் வேலை இல்லை. ரசிகனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அன்றிலிருந்து பழைய ஆட்டம் ஒவ்வொன்றையும் ஐயத்தோடு திரும்பிப் பார்க்க நேர்ந்தது. அந்த ரன் அவுட் உண்மையா? அந்தத் தவறிய பிடி? அள்பா தோற்றபோது தோழர்கள் வருந்தினார்கள். அது ஓடியது உண்மைதானா என்று அவர்கள் ஐயுற வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பாழ் எங்கிருந்து வந்தது? விளையாட்டை நேசித்ததிலிருந்து வரவில்லை. பந்தயப் பணத்திலிருந்து வந்தது. மதுவோடு சேர்த்துக் குர்ஆன் விலக்கிய சூதிலிருந்து வந்தது. சென்னைக்காரர்களுக்கு மறுபடியும் இந்தப் பாடம் கிடைத்தது. 2015-இல் லோதா குழு, அணி நிர்வாகத்தோடு தொடர்புடையவர் பந்தயம் கட்டியதற்காகச் சென்னை அணியை இரண்டு ஆண்டுகள் விலக்கி வைத்தது. 2016, 2017 இரு பருவங்களிலும் அந்த மஞ்சள் சட்டை இல்லை.

இதற்குப் பிறகும் சூது மேடைப் பொருளாகவில்லை. அதற்குள் அது தரகனின் தொலைபேசியிலிருந்து பையனின் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. பதினொரு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடு, ஐம்பது ரூபாய்க்கும் குறைவான நுழைவுக் கட்டணம் செலுத்து, உன் ஆள்கள் எடுக்கும் ஓட்டத்துக்கும் விக்கெட்டுக்கும் புள்ளி, புள்ளி மிகுந்தவனுக்குப் பரிசு. கட்டியவர்கள் எல்லாருடைய பணமும் குவிந்து, செயலி தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சம் சிலருக்குப் போகிறது. இது திறன் விளையாட்டு, சூது இல்லை என்று நிறுவனங்கள் நீதிமன்றங்களில் வாதாடி வென்றன. நம் பையன்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

ஆலிம்களே, இங்கேதான் உங்கள் கல்வி தேவைப்பட்டது. ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் ஓட்டப் பந்தயத்துக்கும் அம்பெய்தலுக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. இமாம் நவவியின் மின்ஹாஜிலும் உண்டு. இமாம் ஷாஃபிஈயே தேர்ந்த வில்லாளர் என்று வரலாறு சொல்கிறது. அம்பெய்தலைவிடத் திறன் மிகுந்த விளையாட்டு எது? அதிலும்கூட, போட்டியிடும் இருவரும் பணம் வைத்து, வென்றவன் இருவர் பணத்தையும் எடுப்பது சூது என்றே பெரும்பாலான ஃபுகஹாக்கள் விலக்கினார்கள். ஒரு பக்கத்தார் மட்டும் வைக்கலாம், வெளியார் பரிசு தரலாம், இருவரும் வைத்தால் பணம் வைக்காத மூன்றாமவர் ஒருவரும் போட்டியில் இருக்க வேண்டும் என்று நுணுக்கமாக வகுத்தார்கள். திறனா அதிர்ஷ்டமா என்பது அவர்களின் உரைகல்லாக இருக்கவில்லை. யாருடைய பணம் யாரிடம் எந்த முறையில் போகிறது என்பதைப் பார்த்தார்கள். வழக்கறிஞர்களின் வாதத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறுப்பு எழுதிவைத்த நூல்கள் உங்கள் மதரஸா அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைத் திறக்காமல், பெலே யார் மரடோனா யார் என்று கேட்பவன் மறுமையை மறந்தவன் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஹாஷிம் அம்லா தென்னாப்பிரிக்க அணிக்கு ஆடியபோது, அணிக்கு ஆதரவளித்த மது நிறுவனத்தின் சின்னம் தம் சட்டையில் வேண்டாம் என்று மறுத்தார், வாரியமும் ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரியில் ஆஷஸ் தொடரை வென்ற ஆஸ்திரேலிய அணி ஷாம்பெயினைப் பீய்ச்சிக் கொண்டாடியபோது விலகி நின்ற உஸ்மான் கவாஜாவைக் கண்ட அணித்தலைவர் பாட் கம்மின்ஸ், புட்டிகளை ஒதுக்கிவைக்கச் சொல்லி அவரை மேடைக்கு அழைத்தார். இவ்விரண்டையும் நம் பையன்கள் பெருமிதத்தோடு பகிர்ந்தார்கள். அதே பையன்கள் அணிந்த இந்திய அணிச் சட்டையின் நெஞ்சில் 2023 முதல் பணம் கட்டி ஆடும் செயலி ஒன்றின் பெயர் இருந்தது. மதுச் சின்னத்தை மறுத்தவரைக் கொண்டாடியவர்களுக்குச் சூதுச் சின்னம் கண்ணில் படவில்லை, ஏனெனில் எவரும் சுட்டிக்காட்டவில்லை. கடைசியில் சுட்டியது நாடாளுமன்றம். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் இந்திய அணி நெஞ்சில் விளம்பரமே இல்லாத சட்டையோடு ஆடியது. நம் மிம்பர்கள் முந்திக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது.

சட்டம் வந்ததால் நோய் நீங்கிவிடவில்லை. வெளிநாட்டுப் பந்தயத் தளங்களும் டெலிகிராம் குழுக்களும் இருக்கின்றன. கடன் செயலிகள் இருக்கின்றன. பணம் கட்டியவன் ஆட்டத்தைப் பார்க்கும் விதமே வேறு. தான் தேர்ந்த பந்துவீச்சாளன் தன் ஊர் அணியையே வீழ்த்த வேண்டும் என்று விரும்புகிறான். எதிரணியின் அழகான கவர் டிரைவ் அவனுக்கு நான்கு புள்ளி நட்டம். சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்களுக்கு அந்தத் தோல்வியில் ஒரு பைசா இழப்பு இல்லை, அதனால்தான் எழ முடிந்தது. கட்டியிருந்தால் திட்டிக்கொண்டு வெளியேறியிருப்பார்கள்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஐபிஎல் பருவம் தொடங்குமுன் ஒரு ஜும்ஆவில் அந்த மின்ஹாஜ் அத்தியாயத்தைத் தமிழில், எண்களோடு, செயலியின் நடைமுறையோடு பொருத்தி விளக்கட்டும். கட்டிப் பணமிழந்து கடன்பட்டவன் அச்சமின்றி வந்து சொல்வதற்கு ஒருவரை நியமிக்கட்டும். அவன் பெயர் வெளியே போகாது என்று உறுதி தரட்டும். பாவத்தில் கடன்பட்டவன் தவ்பா செய்துவிட்டால் கடனாளிகளுக்கான ஜகாத் பங்கிலிருந்து அவனுக்குக் கொடுக்கலாம் என்ற கருத்து ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. அதைப் பைத்துல்மால் குழு ஆராயட்டும். செருப்பு தேடும்போது ஸ்கோர் கேட்கும் பெரியவர்களை அந்தப் பையன்களோடு உட்கார வைத்து, 254-க்கும் 258-க்கும் இடையே அன்று என்ன நடந்தது என்று சொல்ல விடட்டும். அந்த அறையில் தொலைக்காட்சி வைக்கலாமா என்பதை நிர்வாகக் கூட்டத்தில் தனியாகச் சண்டையிட்டுக்கொள்ளலாம்.